இன்ஷா அல்லாஹ் என்றால் ‘நடக்காது’ என்று பொருளா?



மதரஸாவில் பணிபுரிவோரின் வீடுகளில் ஒரு சிறிய சிக்கல் உண்டு. மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. நாம் வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளைகள் இருப்பதில்லை. பிள்ளைகள் இருக்கும் நாளில் நாம் இருப்பதில்லை. வீட்டு வேலை எதையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்க இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. சென்ற மாதம் தேர்வுகள் முடிந்ததையொட்டி மதரஸாவுக்குச் சனி, ஞாயிறும் சேர்த்து விடுமுறை அளித்தார்கள். மூன்று நாள்கள் தொடர்ந்து வீட்டில் இருக்கும் வாய்ப்பு, நெடுநாளைக்குப் பின் நமக்குக் கிட்டியது.

வியாழக்கிழமை இரவு உணவின்போது, ஏழு வயது மகன் தன் செருப்பின் வார் அறுந்துவிட்டதாகவும் அதைத் தைத்துத் தர வேண்டும் என்றும் கேட்டான். “இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்” என்றோம். அவன் முகம் மலர்ந்தது. அருகில் இருந்த பதினொரு வயது மகள் அவன் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்: “வாப்பா இன்ஷா அல்லாஹ்னு சொல்லிட்டாங்கல்லா, இனி நடக்காது. நீ உம்மாட்ட கேளு.”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. மேகம் திரண்டால் மழை வரும் என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னாள். தன் பதினொரு ஆண்டு வாழ்வில் கண்டறிந்த ஓர் உண்மையை அவனுக்கு அறிவித்தாள், அவ்வளவுதான். நம் மனைவி ஒன்றும் பேசாமல் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். எதிரே நம் தாயார் அமர்ந்திருந்தார்கள். கட்டுப் போட்ட வலக்கை மடிமீது இருந்தது. அந்தக் கையைப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன், பின்முற்றத்தில் உளூச் செய்யும் இடத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி வேண்டும் என்று உம்மா கேட்டார்கள். முழங்கால் வலியோடு தாழ்ந்த முக்காலியிலிருந்து எழுவது அவர்களுக்குச் சிரமமாக இருந்தது. “இன்ஷா அல்லாஹ், வைத்துவிடலாம் உம்மா” என்றோம். அந்த இடத்துக் குழாயும் அப்போதே ஒழுகத் தொடங்கியிருந்தது. அதற்கும் ஓர் இன்ஷா அல்லாஹ் சொல்லி வைத்தோம். சொட்டிய நீர் தரையில் பாசியானது. பாசி வழுக்கியது. ஒரு நாள் ஸுப்ஹு நேரத்தில் உம்மா விழுந்தார்கள். மணிக்கட்டில் மெல்லிய முறிவு. மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன் பின்னும் துணிக்கட்டு. நலம் விசாரிக்க வந்தவர்களிடம் உம்மா, “அல்லாஹ் நாடினது” என்றார்கள். நாமும் அதையே சொன்னோம். ஆனால் உம்மா சொன்னது ஈமான். நாம் சொன்னது ஒளிவிடம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்தியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை மாணவர்களுக்கு எத்தனை முறை விளக்கியிருப்போம்! நம் வீட்டு ஒட்டகம் எட்டு மாதம் கட்டப்படாமலே நின்றது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து பின்முற்றத்துக்குச் சென்றோம். குழாயின் வாயில் ஒரு துணிக் கீற்று கட்டப்பட்டிருந்தது. சொட்டும் ஓசை கேட்காமல் நீர் துணிவழியே இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் மனைவியிடம் கேட்டபோது, “மாமிக்குச் சத்தத்துல தூக்கம் வரல. அதான் தினமும் ராத்திரி கட்டி வைக்கேன்” என்றார். தினமும் என்றால் எட்டு மாதம். நாம் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்ந்த இடத்தில், இன்னொருவர் ஒவ்வோர் இரவும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

அந்த இரவு குழாயின் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு வந்து படுத்தோம். ஸுப்ஹுக்கு எழுந்தபோது மகளும் கூட வந்தாள். லிட்டர்க் குவளையால் அளந்தோம். ஐந்து லிட்டர் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவுத் தண்ணீரில் உளூச் செய்வார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. முத்து என்பது நடுத்தர மனிதர் ஒருவரின் இரு கைகளும் சேர்ந்து ஏந்தும் அளவு. இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் அந்த ஓர் இரவில் மட்டும் ஏழு பேர் உளூச் செய்யும் நீர் வீணாகியிருக்கிறது. மகள் விரலால் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, “பகலையும் சேர்க்கணும்ல வாப்பா?” என்று கேட்டாள். தாமிரபரணி பாயும் ஊரில் வாழ்பவர்களுக்கு நீரின் அருமை எளிதில் உறைப்பதில்லை. ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூவில் வீண்விரயம் கூடாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் இருப்பதை அறிஞர்கள் குறிப்பிடுவார்கள். அந்த விவரத்தையும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். வரிசையின் பலவீனம் நமக்குத் தெரிந்திருந்தது. வாஷரின் பலவீனம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால், தொழுகைக்குப் பின் வழக்கம்போல் ஸூரத்துல் கஹ்ஃப் ஓத அமர்ந்தோம். ஆண்டுக்கணக்காக ஓதிவரும் அத்தியாயம். அன்று மூன்று இடங்களில் நாக்கு தடுமாறியது.

முதலாவது, 23, 24ஆம் வசனங்கள். எந்தச் செயலைக் குறித்தும், அல்லாஹ் நாடினால் என்று சேர்க்காமல், ‘நாளை இதைச் செய்வேன்’ எனக் கூற வேண்டாம் என்று நபியவர்களுக்கு அறிவுறுத்தும் இடம். அந்த வசனம் பேசுவது செய்ய உறுதி கொண்டவரிடம். ‘செய்வேன்’ என்பது அங்கே முதலிலேயே இருக்கிறது. தன் ஆற்றலை நம்பிச் செருக்கடையாதிருக்க ‘அல்லாஹ் நாடினால்’ சேர்கிறது. நாமோ ‘செய்வேன்’ என்பதை எடுத்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, 69ஆம் வசனம். அறிவைத் தேடிச் சென்ற மூஸா (அலை) அவர்கள், அல்லாஹ் நாடினால் தம்மைப் பொறுமையாளராகக் காண்பீர்கள் என்று வாக்களிக்கிறார்கள். பிறகு மூன்று முறை அவர்களால் பேசாதிருக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் முயன்றார்கள். தவறியபோது மறந்துவிட்டதை ஒப்புக்கொண்டார்கள். மீண்டும் கேட்டால் தம்மைப் பிரிந்துவிடலாம் என்று தாமே நிபந்தனையும் விதித்துக்கொண்டார்கள். இன்ஷா அல்லாஹ் சொன்னவர் தவறலாம். முயலாதிருக்க அந்தச் சொல் அனுமதி அளிப்பதில்லை.

மூன்றாவது, சுவர். தமக்கு உணவளிக்க மறுத்த ஊரில், விழவிருந்த ஒரு சுவரை ஹிழ்ர் (அலை) அவர்கள் நிமிர்த்தி வைக்கிறார்கள். கூலி பெற்றிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்கிறார்கள். இரண்டு அநாதைகளின் புதையல் அதன் கீழே இருந்தது என்பது பின்னர் தெரிகிறது. வாரந்தோறும் ஓதும் அத்தியாயத்தில் ஒரு வீட்டுப் பழுதுபார்ப்பு இருப்பதை இத்தனை ஆண்டுகளாக நாம் அந்தக் கண்ணோடு பார்த்ததே இல்லை. அதன் ஞானத்தை விளக்கினோம்; சுவரை நிமிர்த்திய கையைப் பற்றிச் சிந்திக்கவில்லை.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சத்தியம் செய்யும்போது ஒருவர் இன்ஷா அல்லாஹ் என்று சேர்த்துக்கொண்டால், அதை நிறைவேற்றாவிட்டாலும் சத்தியத்தை முறித்த குற்றம் அவர்மீது சாராது என்று ஃபிக்ஹுப் பாடத்தில் கற்பிக்கிறோம். அது சரியான சட்டம். சத்தியத்துக்கும் அதன் பரிகாரத்துக்கும் உரியது. அந்தச் சட்டத்தின் நிழலை நாம் நம் சமையலறைக்கும் பின்முற்றத்துக்கும் கொண்டுவந்துவிட்டோம். ‘முடியாது’ என்று சொன்னால் மனம் நோகும். ‘சரி’ என்று சொன்னால் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அல்லாஹ்வின் பெயரை வைத்து நழுவினோம்.

மகளைக் கூப்பிட்டு, “நாம் யார் யாருக்கு இன்ஷா அல்லாஹ் சொல்லிச் செய்யாமல் விட்டோமோ, எல்லாவற்றையும் எழுது” என்றோம். அவள் சற்றுத் தயங்கினாள், பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. பின்னர் ஒரு பழைய நோட்டில் வேகமாக எழுதித் தந்துவிட்டுப் போனாள். ஒன்பது இருந்தன. ஒன்றைக்கூட நாம் மறுக்க முடியவில்லை.

ஜும்ஆவுக்குப் பின் முதல் வேலையாகச் செருப்பை எடுத்தோம். தடித்த ஊசியும் மெழுகு தேய்த்த நூலும் போதுமாயிருந்தன. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று பதிலளித்ததைப் புகாரி பதிவு செய்துள்ளார். தம் செருப்பைத் தாமே தைப்பார்கள் என்று வேறு அறிவிப்பிலும் வருகிறது. இந்த ஹதீஸை நாம் மேடைகளிலும் சொல்லியிருக்கிறோம். அன்றுதான் கையில் ஊசி குத்தியது.

அடுத்தது குழாய். பழைய பித்தளைக் குழாய்; உள்ளே ரப்பர் வாஷர் உள்ள வகை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை முதலில் மூட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை, மனைவிக்குத் தெரிந்திருந்தது. வால்வை மூடி, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்து, ஸ்பேனரால் தலைப்பகுதியைக் கழற்றினோம். வாஷர் கல்லாக இறுகி, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அதைப் பையில் போட்டு ஹார்டுவேர் கடைக்கு எடுத்துச் சென்று, அதே அளவில் புதியது வாங்கினோம். அதன் விலை ஒரு தேநீரின் விலைகூட இல்லை. திரும்பி வந்து மாட்டி, வால்வைத் திறந்தால், குழாயின் வாய் நின்றது. சுவரோடு சேரும் மறையில் புதிதாகக் கசிவு தோன்றியது. கழற்றும்போது முழுக் குழாயையும் அசைத்துவிட்டிருக்கிறோம். மறுபடி மூடி, குழாயைக் கழற்றி, மறையில் டெஃப்லான் டேப்பை முறுக்கும் திசையிலேயே சுற்றி இறுக்கினோம். அஸர் பாங்கு சொல்லும்போது ஒழுக்கு நின்றிருந்தது. மனைவி அந்தத் துணிக் கீற்றை அவிழ்த்துப் பிழிந்து கொடியில் காயப்போட்டார்.

சனிக்கிழமை கைப்பிடி. காலையில் கடைக்குப் போய் ஒன்றரை அடி நீள எவர்சில்வர் கைப்பிடி வாங்கினோம். பக்கத்து வீட்டில் மின்வேலை செய்யும் தம்பியிடம் டிரில்லிங் மெஷின் இரவல் கிடைத்தது. முதலில் பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு தரையின் பாசியைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேய்த்தோம். தரை காய்ந்த பின், எங்கே பொருத்துவது என்ற கேள்வி வந்தது. அளவுநாடாவை வைத்துவிட்டு உம்மாவையே அழைத்து முக்காலியில் அமரச் சொன்னோம். “எழுந்திரிங்க உம்மா. கை தானா எங்க போகுதோ, அங்க குறிச்சுக்குறோம்” என்றோம். அவர்கள் எழ முயன்றபோது இடக்கை சுவரை நாடியது. வலக்கையை ஊன்ற இயலவில்லை. பென்சிலால் இடப்புறச் சுவரில் குறித்தோம். எட்டு மாதங்களுக்கு முன் வைத்திருந்தால் அந்தக் கைப்பிடி வலப்புறச் சுவரில் இருந்திருக்கும்.

டைல்ஸில் துளையிடும்போது முனை வழுக்காமலிருக்க மேலே டேப் ஒட்டி, இடிக்கும் விசையைப் போடாமல் மெதுவாகத் தொடங்கச் சொல்லியிருந்தார் அந்தத் தம்பி. முதல் துளை செங்கல்லில் விழாமல் சாந்துப் பகுதியில் விழுந்துவிட்டது. ரால் பிளக் உள்ளேயே சுழன்றது. அதை விட்டுவிட்டு இரண்டு அங்குலம் தள்ளித் துளையிட்டோம். ஒரு டைல்ஸின் ஓரம் உடைந்தது. அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது. திருகுகளை முடுக்கிய பின், உம்மா தொடுமுன் நாம் நம் முழு எடையையும் அதில் போட்டு இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை. உம்மா அமர்ந்தார்கள், பிடித்தார்கள், எழுந்தார்கள். “சரியா இருக்கு வாப்பா” என்றார்கள். மகனை வாப்பா என்று அழைப்பது அவர்கள் வழக்கம். ஏன் இவ்வளவு காலம் என்று ஒரு சொல்லும் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. கேட்டிருந்தால் நமக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வேலையும் உம்மாவுடையதுதான். ஆனால் அது நமக்கு விருப்பமான பொழுதுபோக்கும்கூட. மாணவப் பருவத்தில் கற்ற புத்தகக் கட்டுமானம் நமக்கு ஓரளவு வரும். உம்மாவிடம் அவர்களுடைய தாயார் ஓதிய ஓர் அரபுத்தமிழ்க் கிதாபு இருக்கிறது. தமிழ் எழுத்து அறியாத பெண்கள் அக்காலத்தில் அரபு எழுத்து வழியாகவே தமிழில் மார்க்கம் கற்றார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளிகளும் குறிகளும் கூட்டி அமைத்த முறை அது. அந்தக் கிதாபின் முதுகு கிழிந்து, தாள்கள் பிரிந்து, ஒரு துணியில் முடிந்து கிடந்தது. அதற்கும் நம் இன்ஷா அல்லாஹ் ஒன்று நிலுவையில் இருந்தது.

பழைய நூலை வெட்டி, மடிப்புத் தாள்களை வரிசைப்படுத்தினோம். கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, ஒவ்வொரு மடிப்பாகத் தைத்தோம். மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்கச் சிறிது மயில்துத்தம் கலந்தோம். அது நஞ்சு என்பதால் மகனைத் தொட விடவில்லை. காலிகோ துணி ஒட்டி அட்டை சேர்த்த பின், அழுத்தி வைக்கக் கனமான பொருள் தேவைப்பட்டது. அம்மிக்கல்லைத் தூக்கி வந்தோம். உம்மா பதறிவிட்டார்கள்: “கிதாபு மேல கல்லா?” கல்லைக் கீழே வைத்துவிட்டு, நம் அலமாரியிலிருந்த தஃப்ஸீர் தொகுதிகளை எடுத்து அதன் மீது அடுக்கினோம். ஓர் இரவு முழுவதும் அவை அந்தப் பழைய கிதாபைத் தாங்கிப் பிடித்தன.

அதற்கிடையில் மகள் அரபுத்தமிழ் எழுத்து ஒன்றைக் காட்டி, இது என்ன என்று உம்மாவிடம் கேட்டாள். பெத்தும்மாவும் பேத்தியும் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார்கள். அது பட்டியலில் இல்லாத ஒன்று.

பட்டியலில் இன்னும் சில மீதம் இருந்தன. சமையலறை அலமாரித் தட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் லாத்தாவின் வீட்டுக்குக் குடும்பத்தோடு போவது போன்றவை. மகள் முடிந்தவற்றை மட்டும் கோடிட்டாள். அப்போது மகன் கேட்டான்: “வாப்பா, ஆத்துக்குக் குளிக்கக் கூட்டிட்டுப் போவீங்களா?”

பழக்கத்தால் அந்தச் சொல் உதட்டுக்கு வந்துவிட்டது. மகளின் பென்சில் அசையாமல் நின்றது. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவராயிருந்தபோது, அவருடைய தாயார் “வா, ஒன்று தருகிறேன்” என்பதுபோல் அழைத்ததையும், என்ன தர எண்ணினாய் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததையும் அபூதாவூத் பதிவு செய்துள்ளார். பேரீச்சம்பழம் என்று அவர் சொன்னார். ஒன்றும் தராதிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். பிள்ளைக்குச் சொல்லும் சொல்லும் எழுதப்படுகிறது. நம் வீட்டில் அதை ஒரு பிள்ளையே எழுதிக்கொண்டிருந்தாள்.

“வரும் சனிக்கிழமை. ஸுப்ஹு தொழுதுவிட்டு, மதரஸாவுக்கு முன்னால். இன்ஷா அல்லாஹ்” என்றோம். மகள் தேதியைக் குறித்துக்கொண்டாள். பின்னர் அவள் தனக்கு ஒரு பூனைக்குட்டி வேண்டும் என்று கேட்டாள். “அது இப்போது முடியாதும்மா” என்றோம். அவள் முகம் வாடியது; மறுநாள் வரை சரியாகப் பேசவில்லை. ஆனாலும் தெளிவான மறுப்புக்கு வாடிய முகம், நிறைவேறாத ஓர் இன்ஷா அல்லாஹ்வுக்காகக் காத்திருந்து ஓய்ந்த முகத்தைவிட மேலானது என்று நமக்குப் பட்டது.

அந்தச் சனிக்கிழமை ஆற்றுக்குப் போனோம். மகன் தைத்த செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். லாத்தா வீட்டுக்கும் போய் வந்தோம். அலமாரித் தட்டு இன்னும் முடியவில்லை; அதற்கும் ஒரு தேதி குறித்திருக்கிறோம். உம்மாவின் மணிக்கட்டு குளிர்ந்த நீர் பட்டால் இன்னும் வலிக்கிறது. குழாய் சரியாகிவிட்டது என்பதால் அது சரியாகிவிடவில்லை. அதற்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். “போ வாப்பா” என்று மட்டும் சொன்னார்கள்.

அன்பர்களே, உங்கள் பிள்ளைகளிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: நம் வீட்டில் இன்ஷா அல்லாஹ் என்றால் என்ன பொருள்? அவர்கள் தரும் பதிலை மறுக்காமல் கேளுங்கள்.

நம் நாவுகள் உச்சரிக்கும் அவனுடைய திருப்பெயருக்கு நம் கைகளையும் சாட்சியாக்கும் பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. நம்மால் நோவினை அடைந்த நம் பெற்றோருக்கு அவனே முழு நலம் தருவானாக. ஆமீன்.